எழுதியது எழுதியபடி

அந்தச் சபையில் அவளைச் சீட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஏலச்சீட்டு நடத்துகிற பெண்மணி போலிருக்கிறது என்று நினைத்துப் புதிதாக வந்தவர்கள் பக்கத்தில் வந்து குசுகுசுவென்று விசாரித்ததும் உண்டு. அவள் நடத்தியது ஜெபச்சீட்டு. சபைக்கூடத்து வாசல் சுவரில் ஒரு மரப்பெட்டி மாட்டியிருக்கும். யார் வேண்டுமானாலும் தங்கள் வேண்டுதலை ஒரு துண்டுத்தாளில் எழுதி, மடித்து அதில் போடலாம். எழுதியவர் பெயர் போட வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின் நடுவில் சீட்டக்கா அந்தப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து வாசிப்பாள். ஒரு சீட்டு முடிந்ததும் "கர்த்தாவே" என்று அவள் எடுத்துக்கொடுக்க, "எங்கள் ஜெபத்தைக் கேளும்" என்று கூட்டம் முடிக்கும்.

இதற்கு ஒரு சட்டம் உண்டு. வாசிக்கிறவர் சீட்டை முன்கூட்டியே பிரித்துப் பார்க்கக் கூடாது. எழுதியதை எழுதியபடி வாசிக்க வேண்டும். ஒரு சொல் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. "என் மாமியார் சீக்கிரம் போய்ச்சேர வேண்டும்" என்று ஒருத்தி எழுதிப் போட்டபோது சீட்டக்கா அதையும் வாசித்தாள். மாமியார் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். "எங்கள் ஜெபத்தைக் கேளும்" என்று கூட்டம் சொன்னபோது, பழக்கதோஷத்தில் அந்த அம்மாவும் கூடச் சேர்ந்து சொல்லிவிட்டார்.

சட்டம் சும்மா வந்துவிடவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் சீட்டு வாசித்தவர் ஒரு தலைமையாசிரியர். ரொம்ப நாகரிகமான மனிதர். சனிக்கிழமையே பெட்டியைத் திறந்து, சீட்டுகளைத் திருத்தி, முத்துமுத்தாகப் படியெடுத்துக்கொண்டு வருவார். "என் புருஷன் என்னைக் கொன்றுவிடுவான் போலிருக்கிறது, ஜெபியுங்கள்" என்று ஒருத்தி எழுதியிருந்ததை, "ஒரு சகோதரியின் குடும்ப சமாதானத்துக்காக" என்று வாசித்தார். கூட்டமும் சமாதானமாக ஜெபித்துவிட்டு வீட்டுக்குப் போனது. பதினோராவது நாள் அவளை அடக்கம் செய்தார்கள். அடக்கம் முடிந்த கையோடு சபை கூடி இந்தச் சட்டத்தைப் போட்டது. தலைமையாசிரியர் தாமாகவே ஒதுங்கிக்கொண்டார். அந்த இடத்துக்குத் தபால் நிலையத்தில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கிற வேலையில் இருந்தவளைப் பிடித்து நிறுத்தினார்கள். மேல்விலாசத்தை மட்டும் பார்த்துவிட்டு, உள்ளே என்ன இருக்கும் என்று யோசிக்காமல் அடுத்த கைக்குத் தள்ளிவிடுகிற பயிற்சி அவளுக்குத்தானே உண்டு என்றார்கள். அது உண்மைதான். ஊரில் பாதிப் பேருடைய கையெழுத்து அவளுக்கு அத்துப்படி. அவர்கள் எழுதியது என்ன என்று ஒன்றுமே தெரியாது.

இந்த விஷயம் நடந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பன்னிரண்டு நாள் முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஆற்றுப்பாலத்தின் மேல் மூன்று பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் ஒருவர், அவருடைய வக்கீல் ஒருவர், வக்கீலின் கார் டிரைவர் ஒருவர். ஆளுங்கட்சியின் வட்டாரத் தலைவருக்கும் செயலாளருக்கும் ஒரு வருஷமாகவே ஆகாது. மேடையில் பேசும்போதே "அவன் எத்தனை நாளைக்கு" என்று தலைவர் கேட்டது ஊருக்கே தெரியும். ஆனால் யார் சுட்டது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. விசாரணை நடக்கிறது என்றது போலீஸ். எந்தத் திசையில் நடக்கிறது என்று சொல்லவில்லை.

செயலாளரின் மனைவி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளும் அந்தச் சபைதான். ஆகவே சபை ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று ஆயிற்று. நீதியும் சமாதானமும் கேட்டு ஓர் அறிக்கை விடுவது, அதை ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசிப்பது, பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடுவது என்று முடிவானது. போதகர், இரும்புச்சாமான் கடை வைத்திருந்த மூப்பர், குறிப்பெழுதச் சீட்டக்கா, இவர்களோடு இன்னும் நாலு பேரைச் சேர்த்து ஒரு குழு போட்டார்கள்.

குழு ஆறு நாள் உட்கார்ந்தது. முதல் நாள் "படுகொலை" என்று எழுதினார்கள். இரண்டாம் நாள் அது "கொலை" ஆனது. நாலாம் நாள் "துயரச் சம்பவம்" ஆனது. பாம்பும் சாக வேண்டும், தடியும் உடையக் கூடாது என்று ஊரில் சொல்வார்கள். இவர்களுக்கோ பாம்பின் மனசும் நோகக் கூடாது. ஆறாம் நாள் அறிக்கையைப் படித்துப் பார்த்தால், மூன்று பேரும் மழையில் நனைந்து சளி பிடித்துப் போய்விட்டார்கள் என்றுதான் தோன்றும்.

"கொன்னவங்களைக் கண்டுபிடிக்கணும்னாவது ஒரு வரி இருக்கட்டுமே" என்றார் போதகர். நல்ல மனிதர். முதுகெலும்பு இல்லாதவர் என்று சொல்ல முடியாது. அதை அடிக்கடி உபயோகிக்காதவர்.

"கண்டுபிடிக்கணும்னா, யாருன்னு நமக்குத் தெரியும்னு ஆயிடும் பாஸ்டர்" என்றார் கடைக்காரர். "நமக்கு எதுக்கு? என் கடை மெயின் ரோட்டுல இருக்கு. ரெண்டு பக்கமும் கண்ணாடி."

அப்போது சீட்டக்கா வாயைத் திறந்தாள். "சாட்சி சொல்ல முன்வர்றவங்களுக்கு இந்தச் சபை துணை நிற்கும்னு ஒரு வரி சேர்க்கலாமா?"

குழு யோசித்தது. கடைக்காரர் தலையை ஆட்டினார். "சேருங்கக்கா. கேட்க நல்லா இருக்கு. யாரு வரப்போறாங்க?"

அப்படித்தான் அந்த வரி உள்ளே போனது. அறிக்கையின் ஒரு பிரதியைக் கடைக்காரர் மரியாதைக்காக வட்டாரத் தலைவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். தலைவர் படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது, தானே நேரில் வந்து கலந்துகொள்வதாகச் சொல்லி அனுப்பினார். குழுவில் எல்லோருக்கும் நிம்மதியாக மூச்சு வந்தது. ஒரு காற்புள்ளியைக்கூட விடாமல் காவல் காத்தவர்களுக்கு வாசல் சுவரில் மாட்டியிருந்த பெட்டியைப் பற்றி நினைவே வரவில்லை. கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதை.

சீட்டக்கா அந்த வரியை ஏன் சொன்னாள் என்று அவளைக் கேட்டிருந்தால் சும்மாதான் என்றிருப்பாள். சும்மா இல்லை.

அவளுக்கு ஒரே தம்பி. பதினொரு வயது இளையவன். அம்மா பிரசவத்தோடு போய்விட்டதால் அவனுக்குப் பெயர் வைத்ததே அவள்தான். ஞானஸ்நானத்தன்று, "பிள்ளைக்கு என்ன பேர்?" என்று கேட்டபோது அப்பா பேசாமல் நின்றார். பதினொரு வயதுப் பெண் சத்தமாக ஒரு பெயரைச் சொன்னாள். அதுவே நிலைத்தது. ஆனால் வீட்டில் அவன் எப்போதும் சின்னவன்தான். முப்பத்தேழு வயதாகி, முன்தலை வழுக்கை விழுந்த பிறகும் சின்னவன்தான். கல்யாணம் கூடி வரவில்லை. அக்காள் வீட்டு மாடி அறையில் இருந்துகொண்டு, யாரோ ஒருவருக்குச் சொந்தமான வெள்ளை வேனை ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த யாரோ ஒருவர் கட்சிக்காரர். வேன் கூட்டத்துக்கு நாற்காலி ஏற்றும், கொடி ஏற்றும், சில சமயம் ஆட்களையும் ஏற்றும்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு அடுத்த நாள் காலையில் சின்னவன் வேனைக் கழுவினான். வியாழக்கிழமையும் கழுவினான். வெள்ளிக்கிழமையும் வாளியும் துணியுமாக இறங்கினான். அதற்கு முன் மழை பெய்தால்தான் அந்த வேனுக்குக் குளியல். சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோனான். ஊமை கண்ட கனவு மாதிரி எதையோ உள்ளே வைத்துக்கொண்டு திரிகிறான் என்று சீட்டக்காவுக்குத் தெரிந்துவிட்டது. என்ன என்றும் பாதி தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அக்கா."

"என்னடா?"

"அந்தப் பாலத்துல, அக்கா, அந்த டிரைவர் லைட் போட்டு..."

"வேணாம்."

"இல்லக்கா, எனக்குத் தெரியாது, ஏத்திட்டுப் போன்னாங்க, நான்..."

"வேணாம்னு சொல்றேன்ல! ஒண்ணும் சொல்லாத. எனக்குத் தெரியாத வரைக்கும் உனக்கு நல்லது. யார்கிட்டயும் சொல்லாத. வாயைத் திறந்த, உன்னைக் கொன்னு போட்டுருவாங்கடா. எனக்குன்னு வேற யாருடா இருக்கா?"

அவன் வாயை மூடிக்கொண்டான். சின்ன வயதிலிருந்தே அக்காள் சொல்லுக்கு மறுசொல் சொல்லாதவன். அவள் மறுபடி பாத்திரத்தைத் தேய்த்தாள். கழுவின பாத்திரத்தையே இரண்டாம் முறை தேய்க்கிறோம் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. தம்பியைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தாள். ஆனாலும் மனசு ஆறவில்லை. ஒரு வாரம் கழித்துக் குழுவில் அந்த வரி அவள் வாயிலிருந்து வந்தது அதனால்தான். அவனிடம் சொல்லு என்று சொல்லத் தைரியம் இல்லாதவள், ஒரு தாளில் எழுதி வைத்தாள்.

அறிக்கையைச் சனிக்கிழமை சபைக்கூடத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அன்று சாயங்காலம் சின்னவன் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அந்தத் துணை நிற்கும்ங்கிற வரி நீ எழுதினதா?"

"நான் சொன்னதுதான். ஏன்?"

"இல்ல, நல்லா இருக்கு." எழுந்துபோகப் போனவன் திரும்பி, "நாளைக்கும் நீதானே சீட்டு வாசிப்ப?" என்றான்.

"இருபது வருஷமா வேற யாரு வாசிக்கிறா?"

"எல்லாத்தையும் வாசிப்பியா? ஒண்ணும் விடாம?"

"அந்த மாமியார் சீட்டையே வாசிச்சவடா நான்."

சின்னவன் சிரித்தான். பதினொரு நாளில் அவன் சிரித்தது அதுதான் முதல்முறை. பையன் தேறி வருகிறான் என்று நினைத்து, சீட்டக்கா அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள். வெட்கக்கேடு, ஆனால் உண்மை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடம் நிரம்பி வழிந்தது. ஆலைக்காரர்கள் சுவரோரமாக நின்றார்கள். செத்துப்போன வக்கீலிடம் ஜூனியராக இருந்த பெண் கறுப்புக் கோட்டோடு வந்திருந்தாள். இரண்டு டிவி கேமரா, நாலு பத்திரிகைக்காரர்கள். முதல் வரிசையில் வலப்பக்கம் நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். இடப்பக்கம் வட்டாரத் தலைவர், இரண்டு பக்கமும் இரண்டு ஆட்களோடு. நடுவில் நடைபாதைதான் இடைவெளி. தலைவர் முகத்தில் சோகம் சரியான அளவில் இருந்தது. வாசலில் பாதுகாப்புக்கு ஒரு இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீஸ்காரர்களும் நின்றார்கள்.

போதகர் அறிக்கையை வாசித்தார். பத்திரிகைக்காரர்களில் ஒருவர் கொட்டாவி விட்டார். பிறகு பாட்டு. பாட்டுக்குப் பிறகு, வழக்கம்போல, சீட்டக்கா பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துத் திறந்தாள்.

அன்று சீட்டு அதிகம். மூட்டுவலிக்காக ஒன்று. பரீட்சைக்காக மூன்று. "ஆலை மூடாமல் இருக்க" என்று ஏழெட்டு. "என் அப்பாவைத் திரும்பக் கேட்டு ஜெபிக்க முடியாது என்று தெரியும், அம்மா தூங்குவதற்காக ஜெபியுங்கள்" என்று ஒன்று. அதை வாசிக்கும்போது அவள் நர்ஸ் பக்கம் பார்க்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் கூட்டம் "எங்கள் ஜெபத்தைக் கேளும்" என்றது.

அடுத்த சீட்டை எடுத்தபோது தாள் தடிமனாக இருந்தது. வேன் ஓட்டுகிறவர்கள் எங்கே போனோம், எத்தனை மணிக்குப் போனோம் என்று எழுதிக் கொடுக்கிற டிரிப் ஷீட்டின் பின்பக்கம். பிரித்த உடனே கையெழுத்து தெரிந்துவிட்டது. முதன்முதலில் அந்தக் கையைப் பிடித்துச் சிலேட்டில் எழுத வைத்ததே அவள்தான். ஆனால் வாய் பழகிய வாய். கண் பார்த்ததை அது வாசிக்கத் தொடங்கிவிட்டது.

"இந்த ஐந்து பேருக்காக ஜெபிக்கவும். செவ்வாய்க்கிழமை பாலத்தில் மூன்று பேரைக் கொல்லப் போன வேனில் இருந்தவர்கள். இவர்கள் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஜெபிக்கவும்."

கூடத்தில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அது மட்டும்தான் சத்தம்.

கீழே பெயர்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. அவள் முதல் பெயரை வாசித்தாள். இரண்டாவது பெயரை வாசித்தபோது தலைவருக்குப் பக்கத்தில் இருந்த ஆள் துள்ளி எழுந்தான். அது அவன் பெயர். மூன்றாவதை வாசித்தாள். நாலாவதை வாசித்தாள். நாலாவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில் தாளின் மடிப்பு இருந்தது.

ஐந்தாவது பெயரை அவள் கண் முன்பே பார்த்துவிட்டது. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "டிரைவர்" என்று எழுதியிருந்தான்.

கட்டைவிரலால் அந்த மடிப்பை லேசாகத் திருப்பினால் போதும். நாலு பேர் என்று முடித்துவிடலாம். "ஐந்து" என்று முதலில் வாசித்தது தவறு, கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நாற்பத்தெட்டு வயதில் யாருக்குத்தான் கண் தெரிகிறது? எழுதினவனையும் அவளையும் தவிர இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவள் கட்டைவிரல் மடிப்பின்மேல் போய்விட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். அப்போது அவளுக்குக் கடவுள் ஞாபகம் வரவில்லை. அந்தத் தலைமையாசிரியர்தான் ஞாபகம் வந்தார். அடக்கத்தன்று குழிமேட்டில் நின்றுகொண்டு, "நல்லதுக்குத்தான் மாத்தினேன், நல்லதுக்குத்தான் மாத்தினேன்" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். அவளும் நல்லதுக்குத்தான் அன்றைக்குச் சமையலறையில் அவன் வாயை மூடினாள். அவளிடம் சொல்ல முடியாததை அவன் பெட்டியிடம் சொல்லியிருக்கிறான்.

அவள் கட்டைவிரலை எடுத்தாள். முப்பத்தேழு வருஷத்துக்கு முன் அதே கூடத்தில், அதே இடத்தில் நின்று சத்தமாகச் சொன்ன பெயரை மறுபடியும் சத்தமாகச் சொன்னாள். "டிரைவர்" என்பதையும் சேர்த்து வாசித்தாள்.

"கர்த்தாவே" என்று எடுத்துக்கொடுக்க வேண்டியது அவள் வேலை. எடுத்துக்கொடுத்தாள். கூட்டம் முடிக்கவில்லை. பிறகு அவளே தனியாக, "எங்கள் ஜெபத்தைக் கேளும்" என்றாள். பின்னால் எங்கோ ஏழெட்டுப் பேர் முணுமுணுத்தார்கள். நர்ஸ் வாயைத் திறக்கவில்லை. அவளை யார் குறை சொல்ல முடியும்?

தலைவர் எழுந்தார். குரல் இன்னும் மரியாதையாகத்தான் இருந்தது. "பாஸ்டர், இது ஜெபக்கூட்டமா, கோர்ட்டா? யாரோ கிறுக்குப்பய கிறுக்கிப் போட்ட துண்டுச்சீட்டை வெச்சு..."

"கிறுக்கினது நான்தான்" என்றது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். சின்னவன் நின்றுகொண்டிருந்தான். சலவைச் சட்டை போட்டிருந்தான். காலையில் அதை அவனே தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, அவள் கேலிகூடச் செய்திருந்தாள். "நான்தான் வண்டி ஓட்டினேன். சொல்லிடறேன்."

இரண்டு கேமராவும் ஒரே நேரத்தில் பின்பக்கம் திரும்பின. வாசலில் நின்ற இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். "சரி, சரி. நாங்க கூட்டிட்டுப் போறோம். வாப்பா, ஸ்டேஷன்ல வந்து சொல்லு."

"ஸ்டேஷனுக்கு வேணாம்" என்று ஜூனியர் வக்கீல் குறுக்கே வந்து நின்றாள். "நேரா மாஜிஸ்திரேட் வீட்டுக்கு. அவருக்கு முன்னாடி வாக்குமூலம் குடுக்கட்டும். அதுக்கு உரிமை இருக்கு."

எல்லோரும் போதகரைப் பார்த்தார்கள். போதகர் கையில் இருந்த அறிக்கையைப் பார்த்தார். ஆறு நாள் உட்கார்ந்து எழுதிய தாள். அதில் ஒரு வரியைத் தேடிப் பிடித்து வாசித்தார். "சாட்சி சொல்ல முன்வருகிறவர்களுக்கு இந்தச் சபை துணை நிற்கும்." அப்புறம் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "உண்மையைச் சொல்லணும்னா, யாரும் வரமாட்டாங்கன்னு நினைச்சுத்தான் இதை எழுதினோம். வந்துட்டாரு. நான் கூடப் போறேன். முடிஞ்சவங்க வாங்க."

"எவ்வளவு தூரம்?" என்று கேட்டது இரும்புக்கடைக்காரர்.

"ரெண்டு கிலோமீட்டர் இருக்கும்" என்றாள் வக்கீல்.

"அப்ப நடந்தே போகலாம். வண்டியில போனா வழியில நிறுத்துவானுங்க. நானூறு பேருக்கு நடுவுல நடக்கிறவனை எப்படித் தூக்குவான்?" சொல்லிவிட்டுத் தான் சொன்னதைக் கேட்டுத் தானே பயந்துபோய், நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கடைக் கண்ணாடி போனாப் போகுது" என்று யாரும் கேட்காமலேயே சொன்னார்.

நர்ஸ் அதுவரை உட்கார்ந்தே இருந்தாள். இப்போது எழுந்து நடைபாதை வழியாகப் பின்னால் போனாள். கூட்டம் விலகி வழி விட்டது. சின்னவன் முன்னால் போய் நின்று அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நிமிர்ந்து பாரு. நான் உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத. அந்தப் பேச்சுக்கே இடமில்ல" என்றாள். "நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் உயிரோட இருக்கணும். அதுக்குத்தான் கூட வர்றேன்."

கிளம்பினார்கள். சின்னவனுக்கு இடப்பக்கம் சீட்டக்கா, வலப்பக்கம் நர்ஸ், முன்னால் போதகரும் வக்கீலும், சுற்றிலும் ஆலைக்காரர்கள், அவர்களைச் சுற்றிச் சபை. பாட்டுப் பாடவில்லை, கோஷம் போடவில்லை. நானூறு பேர் செருப்புச் சத்தம்தான். தலைவரின் கார் கொஞ்ச தூரம் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. பிறகு காணவில்லை.

மாஜிஸ்திரேட் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பழைய பாலம், ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். இரண்டு பக்கத்திலிருந்தும் வண்டி வந்துவிட்டால், யார் முதலில் விளக்கைப் போட்டு அணைக்கிறாரோ அவர் நின்று மற்றவருக்கு வழி விடுகிறார் என்று அர்த்தம். எழுதாத சட்டம்தான், ஆனால் அந்த ஊர் டிரைவர்களில் அதை மீறினவர் கிடையாது. பாலத்தின் நடுவில் வந்ததும் சின்னவனின் நடை தளர்ந்தது. சீட்டக்கா அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"அன்னிக்கு என்னமோ சொல்ல வந்தியே. லைட் போட்டான்னு."

அவன் அவளைப் பார்த்தான்.

"சொல்லு. கேட்கிறேன்."

"அந்த வக்கீல் டிரைவர் வண்டிதான்க்கா முதல்ல பாலத்துக்கு வந்துச்சு. அவன் முதல்ல போயிருக்கலாம். என் வண்டியைப் பார்த்துட்டு ஓரங்கட்டி, லைட் போட்டு வழி விட்டான். கையையும் தூக்கினான். நானும் பழக்கத்துல கையைத் தூக்கினேன்க்கா. தேங்க்ஸ் சொல்ற மாதிரி. அப்பத்தான் பின்னாடி இருந்தவன், குறுக்க நிறுத்துடான்னு துப்பாக்கியை என் கழுத்துல வெச்சான்." அவன் கழுத்தைத் தொட்டுக் காட்டினான். "நான் நிறுத்தினேன்."

சீட்டக்கா அழுதாள். துடைத்துக்கொள்ளவில்லை. அவன் நிறுத்தாமல் இருந்திருக்கலாமே என்றும் நினைத்தாள், நிறுத்தாமல் இருந்திருந்தால் இன்று உயிரோடு இல்லையே என்றும் நினைத்தாள். இரண்டு நினைப்பும் ஒன்றையொன்று விலக்கவில்லை.

பிறகு நர்ஸ், நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எங்க வீட்டுக்காரர் ஏதாவது சொன்னாரா?"

சின்னவன் அக்காவைப் பார்த்தான்.

"எதுவா இருந்தாலும் சொல்லு. மாத்தாம சொல்லு."

"கண்ணாடியை இறக்கிட்டு எட்டிப் பார்த்தாரும்மா. 'என்னப்பா, வண்டி நின்னுடுச்சா? தள்ளிவிடணுமா?'ன்னு கேட்டாரு."

நர்ஸ் நின்றுவிட்டாள். பின்னால் வந்த கூட்டமும் நின்றது. "கேட்பாரு" என்றாள். "அவரு அப்படித்தான் கேட்பாரு." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு மறுபடி நடந்தாள்.

மாஜிஸ்திரேட் வீட்டு வாசலில் ஓர் எழுத்தர் வந்து கதவைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை, பனியனோடு இருந்தவர் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். நானூறு பேரைப் பார்த்ததும் கதவைப் பாதி சாத்தினார். வக்கீல் பேசினாள். எழுத்தர் உள்ளே போய்விட்டு வந்து, வாக்குமூலம் கொடுக்கிறவர், அவரோடு வக்கீல் ஒருவர், வராந்தாவில் உட்கார இரண்டே பேர், மற்றவர்கள் கேட்டுக்கு வெளியே என்றார். சின்னவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். கதவு மூடிக்கொண்டது. எழுத்தர் ஒரு தடித்த நோட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார்.

"கூட வந்தவங்க பேரு, உறவு, ரெண்டும் எழுதணும். நீங்க?"

சீட்டக்கா பெயரைச் சொன்னாள். "அவனுக்கு அக்கா" என்றாள்.

"நீங்க என்ன உறவும்மா?" என்று எழுத்தர் நர்ஸைக் கேட்டார்.

நர்ஸ் யோசித்தாள். உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு சின்னவனின் குரல், மெதுவாக, முதலிலிருந்து தொடங்கியது.

"உறவெல்லாம் இல்ல. துணைக்கு வந்திருக்கேன்."

எழுத்தர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். நோட்டில் உறவு என்று போட்டிருந்த இடத்தில், அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டார்.